யூத மரபில் ஒரே கடவுளும் உருவ வழிபாடும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் சில வருடங்களாக எபிரேய வேதத்தையும் அதற்கு ரபிகள் (யூத மத ஆசிரியர்கள்) சொன்ன விளக்கங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துவருகிறோம். கோயிலுக்குப் போகிறவர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள், எங்கேயும் போகாதவர்கள் என்று எல்லோரும் வருவார்கள். யார் வந்தாலும் சந்தேகம் மட்டும் இந்த ஒரு விஷயத்தில்தான் வந்து நிற்கும். நான் யூதர் இல்லை. ஆனால் இந்த மரபை மதித்துப் படிக்கிறவன், அதைப் பாதி தெரிந்துகொண்டு பேசுவது எனக்குப் பொறுக்காது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு போவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

யூத மதம்னா சிலை கும்பிடக் கூடாது, அவ்வளவுதானே? இதுல பேச என்ன இருக்கு?

நானும் அப்படி நினைத்துத்தான் படிக்க உட்கார்ந்தேன். ஆனால் ரபிகள் இதற்கு வைத்த பெயரைப் பார்த்தாலே விஷயம் இன்னும் பெரியது என்று தெரிந்துவிடும். 'அவோதா ஸாரா' என்பார்கள். அவோதா என்றால் ஊழியம், பணிவிடை. ஸாரா என்றால் அந்நியமானது. சேர்த்துச் சொன்னால் அந்நிய ஊழியம், அதில் சிலை என்ற சொல்லே கிடையாது. சூரியனைக் கும்பிட்டாலும் மரத்தைக் கும்பிட்டாலும் உயிரோடு இருக்கும் ஓர் அரசனைக் கும்பிட்டாலும் அது அவோதா ஸாராதான். தமிழில் 'விக்கிரகாராதனை' என்றே சொல்லிப் பழகிவிட்டதால் நம் கண் நேராகக் கல்லுக்குப் போய்விடுகிறது.

தீர்க்கதரிசிகள் இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கல்யாண வாழ்க்கையைத்தான் உவமையாக எடுக்கிறார்கள். ஓசியா தீர்க்கதரிசியின் புத்தகத்தில் தொடக்க அதிகாரங்களே அதுதான்: கடவுள் கணவன், இஸ்ரவேல் மனைவி, அவள் வேறு ஆட்களின் பின்னால் போய்விட்டாள். பழைய தமிழ் வேதாகமம் இதற்குப் போடும் சொல் 'சோரம்போனார்கள்'. எவ்வளவு கனமான சொல் பாருங்கள். கடவுளுக்கு உருவம் உண்டா இல்லையா என்ற கேள்விக்கு முன்னால், நீ யாருக்கு உரியவன் என்ற கேள்வி அங்கே இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகள் லேசாகிவிடும்.

'என்னையன்றி உனக்கு வேறே தேவர்கள் இருக்கக் கூடாது'ன்னு கட்டளை போடறார்னா, வேற தேவர்கள் இருக்காங்கன்னு அவரே ஒத்துக்கிற மாதிரி இல்லையா?

நல்ல கேள்வி, இதை ரபிகளே கேட்டிருக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த ராஷி, தோராவுக்கு (மோசேயின் ஐந்து ஆகமங்களுக்கு) எழுதிய உரையில் இரண்டு விளக்கம் தருகிறார். ஒன்று, அவை தேவர்களே இல்லை, மற்றவர்கள் தங்கள் மேல் தேவர்களாக ஏற்றிவைத்துக்கொண்டவை. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது: தங்களைக் கும்பிடுகிறவனுக்கே அவை 'வேறானவை'. அவன் கூப்பிடுகிறான், அவை பதில் சொல்வதில்லை, அவனை அறிந்தே இராத அந்நியர்களைப் போல இருக்கின்றன.

சரி, வரலாறு என்ன சொல்கிறது? ஆதியிலிருந்தே எல்லா இஸ்ரவேலரும் ஒரே கடவுள் என்ற தெளிவில் இருந்தார்கள் என்று பைபிளே சொல்லவில்லை. 'தேவர்களில் உமக்கு நிகர் யார்' என்று மோசேயின் பாட்டில் வருகிறது (யாத்திராகமம் 15). சீனாய் பாலைவனத்தில் குந்திலெத் அஜ்ரூத் என்ற இடத்தில் 1975-76இல் தோண்டியபோது கிடைத்த பானைகளில், கிமு 800ஐ ஒட்டிய எழுத்தில், 'சமாரியாவின் யாவே'யின் (யாவே என்பது இஸ்ரவேலரின் கடவுளின் பெயர்) பெயராலும் 'அவருடைய அஷேரா'வின் பெயராலும் ஆசி எழுதியிருந்தது. அந்த அஷேரா ஒரு தேவியா, அவளைக் குறிக்கும் மரக்கம்பமா என்பதில் இன்றும் அறிஞர்களுக்குள் சண்டை. எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே அஷேரா இருந்ததையும், யோசியா அரசன் கிமு 622 வாக்கில் அதை வெளியே எடுத்துச் சுட்டெரித்ததையும் இராஜாக்களின் புத்தகமே மறைக்காமல் எழுதுகிறது.

முதலில் 'எங்களுக்கு இவர் ஒருவர்தான்' என்ற விசுவாசம். அப்புறம், பாபிலோனியச் சிறையிருப்புக் காலத்தை (கிமு 6ஆம் நூற்றாண்டில் யூதர்களைப் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன காலம்) ஒட்டி, 'வேறு எவருமே இல்லை' என்ற தெளிவான வாதம். ஏசாயா 44ஆம் அதிகாரத்தில் அது எப்படி வருகிறது என்று பாருங்கள். ஒருவன் மரத்தை வெட்டுகிறான். பாதியை அடுப்பில் வைத்து ரொட்டி சுடுகிறான், இறைச்சி வாட்டித் தின்கிறான், குளிர்காய்ந்து 'ஆஹா, அனலானேன்' என்கிறான். மீதிப் பாதியில் ஒரு தெய்வத்தைச் செய்து அதன் முன் விழுந்து 'என்னைக் காப்பாற்று' என்கிறான். அந்த அடுப்பும் அந்தத் தெய்வமும் ஒரே கட்டை.

'கர்த்தர் ஒருவரே'ன்னு தினமும் சொல்றாங்களே, அதுல 'ஒன்று'ங்கிறது வெறும் எண்ணிக்கைதானா?

நீங்கள் சொல்வது ஷெமா என்னும் அறிக்கை, உபாகமம் 6:4. காலையும் மாலையும் சொல்வது. வலது கையால் கண்ணை மூடிக்கொண்டு, 'எஹாத்' (ஒன்று) என்ற கடைசிச் சொல்லை இழுத்துச் சொல்வார்கள். ரோமர்கள் ரபி அகிவாவை இரும்புச் சீப்பால் கீறிக் கொன்றபோது அந்த 'எஹாத்'தை நீட்டிச் சொல்லிக்கொண்டே உயிர் விட்டார் என்று தல்மூத் (ரபிகளின் விவாதத் தொகுப்பு) சொல்கிறது.

தோராச் சுருளில் இந்த வரி எழுதியிருப்பதை ஒருமுறை படத்தில் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் சொல்லின் கடைசி எழுத்தும் 'எஹாத்'தின் கடைசி எழுத்தும் மற்ற எழுத்துகளைவிடப் பெரியவை. அந்தக் கடைசி எழுத்து 'தாலெத்'. அதன் மேல் மூலையில் ஒரு சின்ன முனை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனை மழுங்கிப்போனால் அது 'ரேஷ்' என்ற எழுத்தாகிவிடும், 'எஹாத்' என்ற சொல் 'அஹேர்' (வேறொருவர்) என்று படிக்கும்படி ஆகிவிடும். ஒரு கீற்று மை தவறினால் அறிக்கையே தலைகீழ். அந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான் அதைப் பெரிதாக எழுதுகிறார்கள் என்று மரபு விளக்கம் சொல்கிறது.

எண்ணிக்கையா என்றால், மைமோனிடிஸ் இல்லை என்பார். 1138இல் கொர்தோபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக வாழ்ந்து 1204இல் இறந்தவர், யூதச் சட்டத்தையும் தத்துவத்தையும் ஒரே கையால் எழுதியவர். ஒரு மாம்பழம் என்றால் இன்னொன்று இருக்கலாம், ஒரு உடம்பு என்றால் அதைத் துண்டு போடலாம். கடவுளின் ஒருமை இந்த இரண்டு மாதிரியும் இல்லை, அதற்கு ஒப்பான ஒருமை உலகத்தில் எங்கும் இல்லை என்கிறார். (மாம்பழம் நான் போட்டது.)

பொன் கன்றுக்குட்டி விஷயத்துல ஆரோன் 'நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை'ன்னுதானே சொன்னார்? அப்ப அவங்க அதே கடவுளைத்தானே கும்பிட்டாங்க?

மோசே மலைமேல் போய்த் திரும்பி வரத் தாமதமானபோது, மக்கள் கேட்டு அவருடைய அண்ணன் ஆரோன் பொன்னால் ஒரு கன்றுக்குட்டியைச் செய்து கொடுத்த கதை இது. ஆமாம், அந்த வரி யாத்திராகமம் 32இல் அப்படியேதான் இருக்கிறது. நிறையப் பேர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மக்கள் என்ன கேட்டார்கள் என்றும் பாருங்கள்: 'இந்த மோசேக்கு என்ன ஆனதோ தெரியவில்லை, எங்களுக்கு முன்னால் போக ஏதாவது செய்து கொடு.' கடவுளுக்குப் பதிலாக அவர்கள் கேட்கவில்லை, காணாமல் போன வழிகாட்டிக்குப் பதிலாகக் கேட்டார்கள் என்று இடைக்காலத்தின் பெரிய உரையாசிரியர்களில் ஒருவரான நாக்மனிடிஸ் எழுதுகிறார்.

யூதா ஹலேவி என்ற ஸ்பானியக் கவிஞர் இன்னும் ஒரு படி போகிறார். 12ஆம் நூற்றாண்டுக்காரர். அவர்கள் செய்த தவறு, உருவம் செய்தது என்பதைவிட, கடவுள் சொல்லாததைத் தாங்களாகவே செய்தது என்கிறார். ஏனென்றால் அதே கடவுள் உடன்படிக்கைப் பெட்டியின் மேல் சிறகு விரித்த இரண்டு கேருபீன்களை (வானதூத உருவங்களை) பொன்னால் செய்யச் சொன்னார். அவற்றைச் செய்தது கீழ்ப்படிதல், இதைச் செய்தது குற்றம். முதல் பதிலில் சொன்ன கல்யாணக் கணக்குதான் இங்கேயும்.

எனக்கு இந்த வாதம் முழுத் திருப்தி தரவில்லை, உத்தரவு இருந்தால் உருவமும் சரி என்பது கொஞ்சம் இடறத்தான் செய்கிறது. ஆனால் பைபிளே அந்த இடறலைக் கவனித்திருக்கிறது. மோசே கடவுளின் சொற்படி செய்த வெண்கலப் பாம்பை, பிற்காலத்தில் மக்கள் தூபம் காட்டிக் கும்பிட ஆரம்பித்ததும், எசேக்கியா அரசன் உடைத்துப்போட்டான் (2 இராஜாக்கள் 18:4). சொல்லிச் செய்தது, மோசேயின் கையால் ஆனது, எதுவும் அதைக் காப்பாற்றவில்லை.

ஆபிரகாம் அப்பாவோட கடையில இருந்த சிலைகளை உடைச்ச கதை பைபிளில் எந்த அதிகாரம்?

எந்த அதிகாரத்திலும் இல்லை. யூதக் குழந்தைகளே அது தோராவில் இருப்பதாக நினைத்து வளர்வதுண்டு. அது 'பெரேஷித் ரப்பா' என்ற மித்ராஷ் தொகுப்பில் வருவது, அதாவது ரபிகள் வேதத்தின் இடைவெளிகளில் சொன்ன கதை. குரானிலும் இதைப் போன்ற ஒரு நிகழ்ச்சி வருவதால் நம்மூர் முஸ்லிம் நண்பர்களுக்கும் இது பழக்கம்.

கதையில் ஒரு காட்சி: அப்பா இல்லாத நேரத்தில் ஆபிரகாம் கடையைப் பார்த்துக்கொள்கிறான். சிலை வாங்க ஒருவர் வருகிறார். 'உங்களுக்கு என்ன வயது?' 'அறுபது.' 'அறுபது வயதுக்காரர் ஒரு நாள் வயதுள்ளதைக் கும்பிடப் போகிறீர்களா?' அவர் வெட்கப்பட்டுப் போய்விடுகிறார். அப்புறம் ஆபிரகாம் எல்லாவற்றையும் உடைத்து, பெரிய சிலையின் கையில் தடியைக் கொடுத்துவிட்டு, 'அவைகளுக்குள் சண்டை, பெரியது மற்றவற்றை உடைத்துவிட்டது' என்கிறான். 'அவற்றுக்கு அறிவு ஏது?' என்று அப்பா கத்த, 'நீங்கள் சொன்னதை உங்கள் காதே கேட்கட்டும்' என்கிறான்.

அப்ப யூத ஜெபாலயத்துல படமே இருக்காதா?

இருக்கும், சில இடங்களில் ஏராளமாக. சிரியாவில் யூப்ரடீஸ் கரையில் துரா-யூரோபோஸ் என்ற ஊரில் 1932இல் தோண்டி எடுத்த ஜெபாலயத்தின் சுவர் முழுக்க மோசே, எஸ்தர், எலியா என்று மனித உருவங்கள். வரைந்தது கிபி 244-245 வாக்கில். அதே சுவர்களில் கடவுள் செயல்படும் இடங்களில் மேலிருந்து ஒரு கை மட்டும் நீளும், அவ்வளவுதான். இஸ்ரேலில் பெத் ஆல்ஃபா ஜெபாலயத்தின் 6ஆம் நூற்றாண்டுத் தரையில் பன்னிரண்டு ராசிகளும் நடுவில் தேரில் சூரியனும் கல் பதித்துச் செய்திருக்கிறார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: 1300 வாக்கில் ஜெர்மனியில் எழுதிய ஒரு பஸ்கா விருந்து ஏட்டில் மனிதர்களுக்கெல்லாம் பறவைத் தலை வரைந்திருக்கிறார்கள்.

பொதுவாகப் பார்த்தால், கும்பிடுவதற்கில்லாத படம் ஒரு பக்கம், கும்பிடும் உருவம் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். முழு மனித உருவத்தைச் சிற்பமாக வடிப்பதில் கண்டிப்பு அதிகம், ஓவியத்தில் தளர்வு அதிகம்.

சிலை இருக்கிற இடத்துக்கு ஒரு யூதர் போனாலே தப்பா?

இதற்கு மிஷ்னாவில் (கிபி 200 வாக்கில் தொகுத்த சட்டநூல்) ஓர் அருமையான சம்பவம் இருக்கிறது. ரபான் கமாலியேல் ஆக்கோ பட்டணத்தில் அஃப்ரோதித்தே தேவியின் குளியல் மண்டபத்தில் குளித்துக்கொண்டிருக்கிறார். புரோக்லோஸ் என்ற கிரேக்கர் கேட்கிறார், 'உங்கள் தோராவில் சிலையோடு ஒட்டிய எதுவும் கையில் ஒட்டக் கூடாது என்றிருக்க, நீர் இங்கே எப்படிக் குளிக்கிறீர்?' 'குளியல் மண்டபத்தில் பதில் சொல்லக் கூடாது' என்று சொல்லிவிட்டு, வெளியே வந்ததும் சொல்கிறார்: 'நான் அவள் எல்லைக்குள் வரவில்லை, அவள்தான் என் எல்லைக்குள் வந்தாள். அஃப்ரோதித்தேவுக்கு அலங்காரமாக மண்டபம் கட்டுவோம் என்று யாரும் சொல்வதில்லை, மண்டபத்துக்கு அலங்காரமாக அவளை வைப்போம் என்றுதான் சொல்கிறார்கள்.' இன்னும் சொல்கிறார், உனக்குப் பணம் கொடுத்தாலும் உன் தெய்வத்தின் முன்னால் நிர்வாணமாக நிற்பாயா, சிறுநீர் கழிப்பாயா? இவள் சாக்கடை வாயிலில் நிற்கிறாள், எல்லோரும் அவள் முன்னால்தான் கழிக்கிறார்கள்.

ஆக, மக்கள் தெய்வமாக நடத்துவதுதான் விலக்கு. அலங்காரப் பொருளாக நிற்பது வேறு. இதே தர்க்கத்தின் நீட்சியாக, தான் கும்பிட்ட சிலையைக் கும்பிட்டவனே மூக்கு நுனியையோ காது நுனியையோ உடைத்துப் போட்டுவிட்டால் அது வெறும் கல்லாகிவிடும் என்றும் மிஷ்னா சொல்கிறது. ஆனால் யூதன் ஒருவன் கும்பிட்ட சிலைக்கு இந்த விடுதலை கிடையாது. இதை ஞாபகம் வையுங்கள், முடிக் காணிக்கைக் கேள்வியில் தேவைப்படும்.

கடவுளுக்குப் பிடிக்கலேன்னா அவரே எல்லாத்தையும் அழிச்சிடலாமே?

ரோமில் இதே கேள்வியை யூதப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறார்கள், அதுவும் மிஷ்னாவில் இருக்கிறது. உலகத்துக்குத் தேவையில்லாததைக் கும்பிட்டால் அழித்திருப்பார், இவர்கள் சூரியனையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் அல்லவா கும்பிடுகிறார்கள், மூடர்களுக்காக உலகத்தையே அழிப்பாரா என்பது பதில்.

உருவமே இல்லேன்னு சொல்றாங்க. ஆனா பைபிள் முழுக்கக் கடவுளோட கை, கண், மூக்கு, சிம்மாசனம் எல்லாம் வருதே?

யூத மரபுக்குள்ளேயே பெரிய சண்டையைக் கிளப்பிய கேள்வி இது. மைமோனிடிஸ் ஒரே போடாகப் போடுகிறார்: அவை எல்லாம் மனிதர் பேச்சு வழக்கில் சொன்னவை, உண்மையாகவே கடவுளுக்கு உடம்பு உண்டு என்று நம்புகிறவன் விசுவாசத்திலிருந்து விலகியவன். தன் தத்துவ நூலில், அப்படி நம்புகிறவன் சிலையை வணங்குகிறவனைவிட மோசம் என்கிற அளவுக்குப் போகிறார். கல்லில் செய்த உருவத்தை உடைக்கலாம், மனதுக்குள் செய்து வைத்துக்கொண்ட உருவத்தை யார் உடைப்பது? 'கடவுள் இப்படிப்பட்டவர்' என்று சொல்வதைக்கூடக் குறைத்துக்கொண்டு 'இப்படிப்பட்டவர் அல்லர்' என்று மட்டும் சொல்லப் பழகச் சொல்கிறார்.

தெற்கு பிரான்சில் வாழ்ந்த ஆபிரகாம் பென் தாவீது, மைமோனிடிஸின் சட்டநூலுக்கு எழுதிய ஓரக்குறிப்பிலேயே இதை எதிர்த்தார். இவரைவிடப் பெரியவர்களும் நல்லவர்களும், வேத வசனங்களைப் பார்த்து அப்படி நினைத்திருக்கிறார்களே, அவர்களை எப்படி வெளியே தள்ளுவீர் என்பது அவர் கேள்வி. அவரும் கடவுளுக்கு உடம்பு உண்டு என்று சொல்லவில்லை. எளிய பக்தனைத் துரோகி என்று சொல்லாதே என்றார். எனக்கு மைமோனிடிஸின் தெளிவும் வேண்டும், அந்த ஓரக்குறிப்பின் கருணையும் வேண்டும்.

தோராச் சுருளுக்குப் பட்டுத்துணி போர்த்தி, வெள்ளிக் கிரீடம் வச்சு, ஊர்வலமா எடுத்துட்டுப் போய் முத்தம் குடுக்கறாங்க. இது மட்டும் என்னவாம்?

சுருளிடம் யாரும் வேண்டிக்கொள்வதில்லை. அதைத் திறந்து படிக்கிறார்கள். மரியாதை அதிலுள்ள சொல்லுக்கு. ஆனால் கேட்டவரின் உறுத்தல் நியாயமானது, யூத ஆசிரியர்களுக்கும் அது இருந்தது.

மோசே கன்றுக்குட்டியைப் பார்த்ததும் ஏன் கட்டளைகள் எழுதிய கற்பலகைகளை உடைத்தார்? வெறும் கோபம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். 1926இல் இறந்த ரபி மெயிர் சிம்ஹா (லாட்வியாவின் த்வின்ஸ்க் நகரத்தவர்) சொல்லும் காரணம் வேறு: கன்றுக்குட்டியைக் கும்பிட்டவர்கள் கையில் இந்தப் பலகைகளைக் கொடுத்தால் இதையும் கும்பிடுவார்கள். கடவுளே எழுதிய கல்லாக இருந்தாலும், அதற்குத் தானாக எந்தப் புனிதமும் இல்லை என்று காட்டத்தான் உடைத்தார்.

கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் யூத மதம் எந்தக் கணக்கில் வைக்குது?

இஸ்லாத்தில் சிக்கல் குறைவு. ஒபதியா என்ற மதம் மாறியவருக்கு எழுதிய பதிலில் மைமோனிடிஸ், முஸ்லிம்கள் சிலை வழிபாட்டுக்காரர்களே இல்லை, அவர்களுடைய ஒருமைக் கொள்கையில் குறையில்லை என்று திட்டமாகச் சொல்கிறார். கிறிஸ்தவத்தை அவர் அவோதா ஸாரா என்றே வைத்தார்.

கிறிஸ்தவர்கள் நடுவில் வாழ்ந்து வியாபாரம் செய்த பிரான்சு, ஜெர்மனி ரபிகள் வேறு வழி தேடினார்கள். 'ஷித்தூஃப்' என்று ஒரு கருத்து: படைத்தவரை நினைத்துக்கொண்டே அவரோடு இன்னொருவரைச் சேர்த்துக் கும்பிடுவது. அது யூதருக்குக் கூடாது. மற்றவர்களுக்குக் குற்றமில்லை என்று, தல்மூதுக்கு அவர்கள் எழுதிய தோசஃபோத் குறிப்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பிற்காலத்தில் பலர் சொன்னார்கள். பெர்ப்பின்யானைச் சேர்ந்த மெநாஹெம் மெயிரி (1249இல் பிறந்தவர்) இன்னும் துணிச்சலாக, 'மத நெறிகளுக்குக் கட்டுப்பட்டு வாழும் மக்கள்' யாராக இருந்தாலும் பழங்காலச் சிலை வழிபாட்டுக்காரர்களைப் பற்றிய சட்டங்கள் அவர்களைத் தொடாது என்றார். சிலையைவிட, நெறியில்லாத வாழ்க்கைதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது.

கபாலாவில் பத்து 'செஃபிரோத்'ங்கிறாங்களே, அது பத்துக் கடவுள் மாதிரி இல்லையா?

கபாலா என்பது யூத மரபின் மறைஞான வழி. 14ஆம் நூற்றாண்டில் ரபி இசாக் பார் ஷேஷெத் எழுதிய பதில் ஒன்றில் இதே குத்தல் இருக்கிறது: கிறிஸ்தவர்கள் மூன்றை நம்புகிறார்கள், கபாலாக்காரர்கள் பத்தை நம்புகிறார்கள் என்று ஒரு தத்துவவாதி சொன்னதைக் கேட்டாராம். அதே பதிலில், கபாலா நன்றாகத் தெரிந்த ரபி சாம்சன் என்பவர் 'நான் இந்தச் சின்னக் குழந்தையின் எண்ணத்தோடு ஜெபிக்கிறேன்' என்று சொன்னதையும் எழுதுகிறார்.

கபாலாக்காரர்களின் விளக்கம்: அந்தமற்றவர் ஒருவர்தான், பத்தும் அவர் வெளிப்படும் விதங்கள். சஃபேத் நகரத்து மோசே கொர்தொவேரோ (1522-1570) சொன்ன உவமை, நிறக் கண்ணாடிகள் வழியே வரும் வெயில். சிவப்பும் பச்சையும் கண்ணாடியில், வெயில் ஒன்றே.

ஞானிகளோட கல்லறையில போய் வேண்டிக்கிறாங்களே யூதர்கள்?

போகிறார்கள். உக்ரைனில் உமான் ஊரில் 1810இல் இறந்த ரபி நாஹ்மானின் கல்லறைக்கு ஒவ்வொரு யூதப் புத்தாண்டுக்கும் பெருங்கூட்டம் கூடுகிறது. 'இவருடைய புண்ணியத்தை முன்னிட்டு, கடவுளே, எங்களைக் கேளும்' என்று கேட்பது சரி, இறந்தவரிடமே வரம் கேட்பது சரியில்லை என்பது வழக்கமான கோடு. கூட்டத்தில் எல்லோரும் அந்தக் கோட்டில் நிற்பதில்லை என்பது எதிர்க்கிறவர்களின் வருத்தம். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் யாரையும் வைத்து வணங்கக் கூடாது என்பது மைமோனிடிஸின் பதின்மூன்று கோட்பாடுகளில் ஐந்தாவது. மோசேயை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது என்று உபாகமம் முடிவதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னைக்கு ஒரு யூதர் சிலை கும்பிடப் போறதில்லை. அப்புறம் எதுக்கு இவ்வளவு சட்டம்?

தல்மூத் இதற்கு ஒரு கனவைச் சொல்கிறது. ரபி அஷி தன் மாணவர்களிடம், 'நாளைக்கு நம் நண்பன் மனாசேயைப் பற்றிப் படிப்போம்' என்று சொல்லிவிட்டுப் படுக்கிறார். மனாசே சிலை வழிபாட்டுக்குப் பேர்போன யூதா அரசன். அவன் கனவில் வந்து, 'நான் உனக்கு நண்பனா?' என்று கேட்டு ஒரு சட்டக் கேள்வியும் போடுகிறான். அஷிக்குப் பதில் தெரியவில்லை, மனாசேக்குத் தெரிகிறது. 'இவ்வளவு படித்தவர்கள் ஏன் சிலைகளை வணங்கினீர்கள்?' என்று அஷி கேட்க, மனாசே சொல்கிறான்: 'நீ அங்கே இருந்திருந்தால் அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்திருப்பாய்.' இந்த இடம் வந்த அன்றைக்கு எங்கள் வட்டத்தில் ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

அந்த ஆசை வேறு உருவம் எடுக்கும் என்றும் ரபிகளுக்குத் தெரிந்திருந்தது. ஆத்திரத்தில் துணியைக் கிழித்து, பாத்திரத்தை உடைத்து, காசை விசிறி எறிகிறவனைச் சிலை வணங்கியாகப் பார் என்கிறது தல்மூத். தர்மம் கேட்பவனைக் காணாதது போலப் போகிறவனையும் அப்படியே சொல்கிறது. நம் காலத்தில் எருசலேமில் வாழ்ந்த யெஷாயாகு லைபோவித்ஸ் (1903-1994), நாட்டையும் மண்ணையும் புனிதமாக்கி வணங்குவது அவோதா ஸாரா என்று கடைசி வரை பேசினார். தன் ஊரிலேயே இதைச் சொல்லித் திட்டு வாங்கியவர்.

நாங்க கல்லையா கும்பிடறோம்? கல்லுக்குள்ள இருக்கிற கடவுளைத்தானே? இது அவங்களுக்குப் புரியாதா?

புரிந்திருக்கிறது. மைமோனிடிஸ் தன் தத்துவ நூலில், உலோகத்திலும் கல்லிலும் மரத்திலும் செய்த உருவம்தான் வானத்தையும் பூமியையும் படைத்தது என்று எந்தக் காலத்திலும் யாரும் நினைத்ததில்லை, கடவுளுக்கும் தங்களுக்கும் நடுவில் உள்ள ஒன்றின் சாயலாகத்தான் வணங்குகிறார்கள் என்று எழுதுகிறார். ஆதாமின் பேரன் ஏனோஸின் காலத்தில் தவறு தொடங்கியதே அப்படித்தான் என்கிறார்: அமைச்சர்களைக் கௌரவித்தால் அரசனுக்குப் பெருமை என்பது போல நட்சத்திரங்களைக் கௌரவித்தார்கள், காலப்போக்கில் அரசனையே மறந்துவிட்டார்கள். நம் வாதம் அவருக்குத் தெரியும். தெரிந்தும் கூடாது என்றார். அதைத் தெரியாமல் பேசினார் என்று ஒதுக்க முடியாது.

ஆனால் பேச்சு அதோடு நிற்கவில்லை. 2007இல் டெல்லியிலும் 2008இல் எருசலேமிலும் இந்து, யூதத் தலைவர்கள் கூடிப் பேசினார்கள். திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடியில் பிறந்த சுவாமி தயானந்த சரஸ்வதி இந்துத் தரப்பை முன்னின்று நடத்தினார், இஸ்ரேலின் தலைமை ரபி யோனா மெட்ஸ்கர் எதிர்த்தரப்பில். எருசலேம் அறிக்கை, இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளைத்தான், ஒரு குறிப்பிட்ட வடிவத்தை வேண்டும்போதும் அவர்கள் அந்த ஒருவரையே அணுகுகிறார்கள் என்று பதிவு செய்தது. எல்லா ரபிகளும் இதை ஏற்கவில்லை. கொள்கை எப்படியோ, கொச்சி மட்டாஞ்சேரியில் ராஜா கொடுத்த நிலத்தில் 1568இல் கட்டிய ஜெபாலயம் அரண்மனைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இன்றும் நிற்கிறது.

திருப்பதி முடியில செஞ்ச விக்கை யூதர்கள் எரிச்சாங்களாமே, நிஜமா?

நிஜம். மணமான பழமைவாத யூதப் பெண்கள் தலைமுடியை மறைக்க வேண்டும், அதற்குப் பலர் விக் அணிவார்கள். 2004 மே மாதத்தில், திருமலையில் இறக்கும் முடி அந்த விக்குகளில் கலந்திருப்பது பெரிய பேச்சானது. எருசலேமின் மூத்த ரபி யோசேஃப் ஷாலோம் எல்யாஷிவ், நேரில் விசாரிக்க லண்டனிலிருந்து ஒரு ரபி திருமலைக்குப் போய்வந்த பிறகு, அந்த முடி தெய்வத்துக்குப் படைத்த பொருள், அதைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். புரூக்ளின் தெருக்களில் விக்குகளைக் குவித்து எரித்தார்கள். சில ஒன்றே ஆயிரக்கணக்கான டாலர் பெறும்.

சிக்கல் எங்கே என்றால், முடி இறக்குவது படையலா, சன்னதிக்குப் போகும் முன் செய்யும் ஆயத்தமா என்பதில். மொட்டை போடுவது தனிக் கட்டடத்தில், முடி கருவறைக்குள் போவதே இல்லை, ஆகவே அது படையல் இல்லை என்றார்கள் ஒரு சாரார். அகந்தையைக் கழற்றி வைப்பதன் அடையாளம் மட்டும்தான் என்று விளக்கியவர்களும் உண்டு. இந்த வேறுபாடு ஏன் உயிர்நாடி என்றால், முன்னால் சொன்னேனே, சிலையை அதைக் கும்பிட்டவனே மூக்கை உடைத்துச் சாதாரணக் கல்லாக்கிவிடலாம் என்று, படைத்த பொருளுக்கு அந்த வழி கிடையாது. படைத்தது என்றால் படைத்ததுதான். என் கருத்தைக் கேட்டால், 'முடிக் காணிக்கை' என்று நாம் சொல்லும் சொல்லே படையல் பக்கம்தான் சாய்கிறது. வேண்டுதல் வைத்துக் குழந்தைக்கு முடி இறக்கும் எந்தத் தாயும் அதை வெறும் ஆயத்தம் என்று சொல்ல மாட்டாள்.

யூத நண்பர் ஒருத்தர் வீட்டுக்கு வர்றார். பிரசாதம் குடுத்தா தப்பா எடுத்துப்பாரா?

தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார், ஆனால் கடைப்பிடிக்கிறவர் என்றால் வாங்கச் சங்கடப்படுவார். மேலே முடிக்குச் சொன்ன அதே சட்டம்: படைத்தது என்றால் தொடக் கூடாது. எங்கள் வட்டத்து நண்பர் ஒருவர் வீட்டில் இப்படி நடந்தது. கோயிலிலிருந்து வந்த சர்க்கரைப் பொங்கலை அவருடைய அம்மா இலைக்கிண்ணத்தில் நீட்ட, வந்தவர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றார், எடுக்கவும் முடியாமல் மறுக்கவும் முடியாமல். அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. நண்பர் காரணத்தை எடுத்துச் சொன்னதும் அவர் உள்ளே போய், சாமிக்கு வைக்காத சீப்பிலிருந்து இரண்டு வாழைப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். உரிக்காத முழுப் பழத்தில் அவர்களுடைய உணவுச் சட்டத்துக்கும் தடை இல்லை. அவர் எபிரேயத்தில் ஒரு வரி முணுமுணுத்தார், மரத்தின் கனியைப் படைத்தவருக்கு நன்றி சொல்லும் ஆசீர்வாதமாக இருக்கும் என்று நினைத்தோம். அப்புறம் கேட்டபோது, வாழைக்கு அது இல்லை, வாழை மரமில்லை, வருடா வருடம் வெட்டி முளைப்பது, ஆகவே 'நிலத்தின் விளைச்சலைப் படைத்தவர்' என்று சொல்ல வேண்டும் என்று விளக்கினாராம். அம்மாவும் உடனே, 'ஆமாம், தார் வெட்டினால் மரத்தையும் வெட்டத்தானே வேணும்' என்று உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்.